நெடுஞ்சாலை 78-இன் இரண்டு பக்கம்: அல்கோடோனஸ் மணலில் ஐம்பதாண்டு வரப்புத் தகராறு

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது அல்கோடோனஸ் மணற்பரப்பு. நீளம் 40 மைலுக்கு மேல், அகலம் ஐந்தாறு மைல். பெரிய குன்றுகள் 300 அடி வரை எழும்பி நிற்கும். ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கை நிறைத்திருந்த கவியா ஏரியின் கரை மணலைக் காற்று அள்ளி வந்து இங்கே குவித்தது என்கிறார்கள் புவியியலாளர்கள். பிராவ்லி ஊரிலிருந்து கிழக்கே போகும் மாநில நெடுஞ்சாலை 78 இந்த மணலைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது.

சாலைக்கு வடக்கே சுமார் 26,000 ஏக்கர் சட்டப்படி வனாந்தரம். எஞ்சின் வைத்த எதுவும் அதற்குள் போகக் கூடாது, சைக்கிளுக்கும் இடமில்லை. நடந்து போகலாம், குதிரையில் போகலாம். சாலைக்குத் தெற்கே, பொழுதுபோக்குக்காக மணலில் ஓட்டும் வண்டிகள் அமெரிக்காவில் மிக அதிகமாகத் திரளும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் அளவுக்கு வந்து போகிறார்கள். மணல் ஒன்றுதான், அதில் வாழும் பல்லியும் செடியும் ஒன்றுதான். நடுவில் இருவழித் தார்ச்சாலை மட்டும்.

பொது நிலத்தில் வண்டிக்கும் இயற்கைக்கும் சமநிலை காண்பது பற்றிப் பேசும்போது தராசு ஒன்று மனதில் வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வைத்து முள்ளை நேராக்கிவிடலாம் என்று தோன்றும். அல்கோடோனஸ் கதையை ஆண்டு வாரியாகப் படித்தபோது எனக்குத் தராசு எதுவும் தட்டுப்படவில்லை. ஊரில் வயல் வரப்புக்காக நடக்கும் சண்டைதான் நினைவுக்கு வந்தது. வரப்பு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் தகராறு அடங்கியிருக்கிறது. தெரியாத இடத்தில் பதினாறு ஆண்டுகள் கோர்ட்டில் கிடந்திருக்கிறது.

ஓட்டுகிறவர்கள் பக்கம்

அங்கே என்னை முதலில் அழைத்துப் போனவர் சான் டியாகோவில் உடன் வேலை பார்த்த நண்பர், திருநெல்வேலிக்காரர். வண்டிகளால் பாலைவனம் நாசமாகிறது என்று மதிய உணவு நேரத்தில் நான் பேசிக்கொண்டே இருந்ததைப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "ஒரு தடவ வந்து பாருங்க அண்ணாச்சி. பெறவு பேசுங்க." போனேன். நான் அறியாதது அங்கே நிறைய இருந்தது.

சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை. கோடையில் அந்த மணலில் கால் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை இரவே இன்டர்ஸ்டேட் 8-இல் டிரெய்லர்கள் வரிசையாகக் கிழக்கே நகரும். முகாமில் இறங்கியதும் நண்பர் செய்த முதல் வேலை டயரில் காற்றைக் குறைத்தது. காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படியும், புதையாது. அவருடைய நாலு சக்கரக் குவாட் வண்டியின் பின்சக்கரத்தில் வழக்கமான பள்ளக்கோடுகள் கிடையாது. ரப்பரில் கரண்டி கரண்டியாகத் துடுப்புகள் நிற்கும். அவை மணலை வாரிப் பின்னால் எறிந்தபடி வண்டியை மேலே தள்ளும். அடுத்து எட்டடி உயரக் கம்பி ஒன்றை வண்டியில் மாட்டி, நுனியில் ஆரஞ்சுக் கொடி கட்டினார். அங்கே அது கட்டாயம். மணற்குன்றின் முகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. எதிரே ஏறி வருகிறவனின் தலை தெரியும் முன் கொடி தெரிய வேண்டும். பதினோரு வயது மகனுக்கு அவர் முதலில் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான்: கொடியைப் பார், அப்புறம் ஏறு.

இரவில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தோம். பக்கத்து முகாமில் மூன்று தலைமுறை ஒன்றாக இருந்தது. தாத்தா அந்தக் காலத்தில் பழைய வோக்ஸ்வாகன் காரை வெட்டி மணல்வண்டி ஆக்கியவராம். வேறெங்கும் போக வசதியில்லாத குடும்பங்களும் இங்கே வருகின்றன. பிராவ்லியிலும் எல் சென்ட்ரோவிலும் யூமாவிலும் டயர்க்கடை, பெட்ரோல் பங்க், மளிகைக்கடை எல்லாவற்றுக்கும் இந்த ஆறு மாதந்தான் விளைச்சல். இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு எழுதினால் அது ஆய்வாக இருக்காது.

இன்னொரு முகமும் உண்டு. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் (தாங்ஸ்கிவிங்) வார இறுதியில் ஒரே சமயத்தில் லட்சம் பேருக்கு மேல் கூடிவிடுவார்கள். அது ஒரு நகரத்து மக்கள்தொகை, அந்த நகரத்துக்குத் தெருவிளக்கு கிடையாது. 2001-இல் அந்த வார இறுதி வன்முறையிலும் உயிரிழப்பிலும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய விடுமுறைகளுக்கு வெளி மாநிலங்களிலிருந்தும் ரேஞ்சர்களை வரவழைத்துக் காவலை இறுக்கினார்கள்.

சக்கரம் போன இடத்தில்

வெறும் மணலில் என்ன கெட்டுவிடப் போகிறது, காற்று அடித்தால் தடம் மறைந்துவிடுமே என்பது அங்கே அடிக்கடி கேட்கும் வாதம். தடம் மறைவது உண்மைதான். மேலே காய்ந்த மணலை நாலு விரல் விலக்கினால் கீழே ஈரம் இருக்கும். பெய்யும் கொஞ்ச மழையை மணற்குன்று உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது, மேலே உள்ள காய்ந்த அடுக்கு அதற்கு மூடி. துடுப்பு டயர் அந்த மூடியைப் பிளந்து ஈர மணலை வெயிலுக்கு எறிகிறது. விதை முளைப்பது அந்த ஈரத்தை நம்பி. பல்லிகள் வெயிலுக்கு ஒதுங்குவதும் மணலுக்குள்தான்.

தட்டைவால் கொம்புப் பல்லி என்று ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் ஓடாது. தரையோடு தட்டையாக ஒட்டி அசையாமல் கிடக்கும். மணல் நிறமும் அதன் முதுகும் ஒன்றாகக் கலந்துவிடும். பருந்துக்கும் நரிக்கும் எதிரே பல்லாயிரம் ஆண்டு பலித்த உபாயம் அது. சக்கரத்துக்கு எதிரே பலிக்காது. குளிர்காலத்தில் மணலுக்குச் சில அங்குலம் கீழேயே அது உறங்குகிறது, வண்டிகள் வருவதும் குளிர்காலத்தில்.

1983-இல் லக்கன்பாக், பரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே மணற்பரப்பில் வண்டி ஓடும் துண்டுகளையும் ஓடாத துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட முடிவுகளை வெளியிட்டார்கள். செடி, பூச்சி, பல்லி, எலி எல்லாமே வண்டி ஓடிய இடத்தில் கடுமையாகக் குறைந்திருந்தன. நடமாட்டம் குறைவாக இருந்த இடத்திலும் பாதிப்பு தெரிந்தது. நெரிசலாக ஓடிய இடத்தில் இயற்கையான உயிர் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் மிக முக்கியமான சான்று இதுதான். கொஞ்சமாக ஓட்டினால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையை இது உடைத்துவிட்டது. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் அனுமதிப்பது என்ற சமரசம் எல்லா இடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதில் போய் முடியும்.

கோடு விழுந்த வரலாறு

இந்த மணலில் முதலில் கோடு இழுக்கப் பார்த்தவர்கள் சாலை போட்டவர்கள். 1915-இலும் மறுபடி 1916-இலும் மரப்பலகைகளைச் சேர்த்து அடித்து மணல்மேல் ஒருவழிச் சாலை விரித்தார்கள். குன்று நகர்ந்து பலகையை மூடும், ஆட்கள் போய்த் தோண்டி எடுப்பார்கள். பத்தாண்டு இப்படியே போராடி 1926-இல்தான் தார்ச்சாலை வந்தது. பலகைச் சாலையின் ஒரு துண்டு இன்னமும் தெற்குப் பகுதியில் கிடக்கிறது.

வண்டிகளைப் பற்றிய சட்டம் 1972-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அதிபர் நிக்சன் 11644 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். நாட்டில் சாலையை விட்டு இறங்கி ஓடும் பொழுதுபோக்கு வண்டிகள் 50 லட்சம் இருக்கும் என்று அந்த ஆணையே கணக்குச் சொல்கிறது. எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று ஒவ்வொரு துறையும் தன் நிலத்தைப் பிரித்துக் குறிக்க வேண்டும், மண்ணுக்கும் செடிக்கும் விலங்குக்கும் சேதம் குறையும்படி குறிக்க வேண்டும், வனாந்தரம் என்று அறிவித்த இடத்தில் வண்டி கூடவே கூடாது என்றது ஆணை. 1977-இல் அதிபர் கார்ட்டர் இன்னொரு ஆணையால் (எண் 11989) அதற்குப் பல் வைத்தார்: வண்டியால் கணிசமான கேடு நடக்கிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை உடனே மூட வேண்டும்.

கேடு நடக்கிறது என்று தெரிந்தால். இந்த நாலு சொல்தான் பின்னால் வந்த எல்லாத் தகராறுக்கும் வேர். தெரிய வேண்டியது யாருக்கு, எவ்வளவு கேடு, எதை எண்ணி அளப்பது? ஆணை அதைத் துறையிடம் விட்டுவிட்டது.

அந்தத் துறை நில மேலாண்மைப் பணியகம். 1946-இல் உருவானது. நாடு முழுவதும் 24 கோடி ஏக்கருக்கு மேல் பார்த்துக்கொள்கிறது. மேய்ச்சல், சுரங்கம், எண்ணெய், பொழுதுபோக்கு, பாதுகாப்பு எல்லாம் ஒரே நிலத்தில் நடக்க வேண்டும் என்பது 1976-இன் நிலக் கொள்கைச் சட்டம் அதற்கு விதித்த கடமை. தேசியப் பூங்காக்காரர்களிடம் "பாதுகாப்பாயா?" என்று ஒரு கேள்விதான் கேட்பார்கள். இவர்களிடம் ஐந்து கேள்வி கேட்பார்கள், ஐந்துக்கும் ஆம் என்று சொல்லியாக வேண்டும். களத்தில் நிற்கும் அதிகாரிகளைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்ப்பது நியாயம்.

1994 அக்டோபர் 31 அன்று அதிபர் கிளின்டன் கலிஃபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் முன்னின்று நிறைவேற்றிய சட்டம். டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீயும் தேசியப் பூங்காக்கள் ஆனதும், மொஹாவி காப்பிடம் பிறந்ததும் இதனால்தான். பணியகத்தின் நிலத்தில் மட்டும் 69 வனாந்தரங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று வடக்கு அல்கோடோனஸ். எல்லை எங்கே என்று யாரும் யோசித்துக் குழம்பவில்லை: சாலைக்கு அந்தப் பக்கம். அத்துமீறி நுழைகிற சக்கரத் தடம் வடக்கே அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தெரியாமல் வந்துவிட்டேன் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. தார்ச்சாலையைத் தாண்டித்தானே வர வேண்டும்.

ஒரு செடி

தெற்குப் பகுதியில் இப்படி ஒரு வரப்பு இல்லை. அங்கே கோடு போட வைத்தது முழங்கால் உயரச் செடி ஒன்று. பியர்சன் மில்க்வெட்ச், அவரைக் குடும்பம். வெள்ளி பூசினாற்போல் சாம்பல் நிறத் தண்டு, சின்னச் சின்ன ஊதாப் பூ. காய் காற்றடைத்த பைபோல உப்பியிருக்கும். நம் ஊர்க் கிலுகிலுப்பைச் செடியின் காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ந்த காய் காற்றில் உருண்டு போகும்போது உள்ளே விதை குலுங்கும். மில்க்வெட்ச் பேரினத்தைச் சேர்ந்த வட அமெரிக்கச் செடிகளிலேயே பெரிய விதை இதனுடையது. பெரிய விதைக்கு மணலின் ஆழத்திலிருந்தும் முட்டி மேலே வர வலு இருக்கும். வேர் நேரே கீழே ஈரத்தைத் தேடிப் போகும்.

அமெரிக்காவுக்குள் இந்தச் செடி இன்று இருப்பது இந்த ஒரு மணற்பரப்பில்தான். மாநில அரசு 1979-இலேயே அழியும் நிலையில் உள்ளது என்று பட்டியலில் சேர்த்தது. மத்திய அரசின் மீன், வனவிலங்குப் பணியகம் 1998-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்று அறிவித்தது. அறிவிப்பில் முதன்மைக் காரணமாகச் சொன்னது வண்டிகளை.

இந்தச் செடியின் நாட்காட்டியைக் கவனித்தால் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்று புரியும். இலையுதிர்கால மழை விழுந்ததும் முளைக்கும். குளிர்காலம் முழுக்க வளர்ந்து பூக்கும். வசந்தத்தில் காய்த்து விதை சிந்தும். கோடை வந்தால் பல செடிகள் காய்ந்து போகும். கோடையைத் தாண்டிப் பிழைத்து இரண்டாம் ஆண்டைப் பார்க்கும் செடிதான் பெருவாரியாக விதை தரும். அதாவது, முளைப்பதிலிருந்து காய்ப்பது வரை செடியின் வாழ்வு முழுதும் வண்டி சீசனோடு மாதம் மாதமாகப் பொருந்துகிறது. வெயில் தணிந்த மாதங்களை மனிதரும் செடியும் ஒரே காரணத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பறவை முட்டையிடும் காலத்தில் மட்டும் மூடிவைத்து மற்ற நாளில் திறந்துவிடும் ஏற்பாடு சில கடற்கரைகளில் வேலை செய்கிறது. இங்கே காலத்தைப் பங்கு போட வழியில்லை. இடத்தைத்தான் பங்கு போட வேண்டும்.

மூடியதும் எண்ணியதும்

2000-ஆம் ஆண்டு மார்ச்சில் உயிரினப் பன்மய மையம், சியரா கிளப் முதலான அமைப்புகள் நில மேலாண்மைப் பணியகத்தின்மேல் வழக்குப் போட்டன. ஒரு செடியைப் பட்டியலில் சேர்த்த பிறகு அதைப் பாதிக்கும் திட்டத்தைப் பற்றி வனவிலங்குப் பணியகத்தோடு கலந்து பேச வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டு நவம்பரில் சமரசம் ஏற்பட்டது: ஐந்து துண்டுகள், மொத்தம் 49,300 ஏக்கர், வண்டிக்கு மூடப்பட்டது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். பதின்மூன்று ஆண்டுக்கு மேல் நீடித்தது.

தலைமுறையாக ஓட்டிய இடம் சீசன் நடுவில் மூடப்பட்டதில் ஓட்டிகளுக்கு உண்டான கோபத்தை என் நண்பரிடமே பார்த்திருக்கிறேன். "கேக்காமக் கொள்ளாம மூடிட்டானுவ" என்பார். தன்னைக் கலக்கவில்லை என்று நினைக்கிற யாரும் ஒரு சமரசத்தைத் தன் சமரசமாக ஏற்பதில்லை. போதாததற்கு, மூடிய எல்லை கம்பங்களால் குறிக்கப்பட்டது. மணலில் நட்ட கம்பம் ஒரு பெருங்காற்றுக்குப் புதைந்துபோகும். குன்றுகளுக்கு நடுவே வேகமாக வருகிற ஒருவனுக்கு, திறந்த மணலுக்கும் மூடிய மணலுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. வரைபடத்தில் துல்லியமாக இருந்த வரப்பு தரையில் கரைந்துவிட்டது. இதில் மனிதரின் குணத்தைவிட எல்லையின் குணத்துக்குத்தான் பொறுப்பு அதிகம்.

ஓட்டிகளின் அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. தாங்களே பணம் கொடுத்துத் தாவரவியலாளர்களை அமர்த்தி மணலில் செடிகளை எண்ண வைத்தார்கள். 2001-இல் எண்ணிய கணக்கு 70,000-க்கு மேல். இவ்வளவு செடி இருக்கிறதே, பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அந்த ஆண்டே மனுக் கொடுத்தார்கள். 2004-இலும் 2008-இலும் வனவிலங்குப் பணியகம் பரிசீலித்து மறுத்தது. மனு தோற்றுப்போனாலும், எதிர்த்தரப்பு தன் கைக்காசில் களத்தில் இறங்கி எண்ணியதால் அந்தச் செடியைப் பற்றி நமக்குத் தெரிந்தது கூடியது. இதை நான் மதிக்கிறேன்.

எண்ணிக்கை என்ன சொன்னது என்பதுதான் கேள்வி. நில மேலாண்மைப் பணியகம் 2005-இல் மதிப்பிட்டபோது 18 லட்சத்துக்கு மேல் வந்தது. அடுத்த ஆண்டே ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. நடுவில் என்ன நடந்தது? மழை நடந்தது. 2004–05 குளிர்காலம் தெற்குக் கலிஃபோர்னியாவில் அசாதாரண மழைக்காலம். மணலுக்குள் காத்துக் கிடந்த விதைகள் எல்லாம் ஒரே சமயத்தில் முளைத்தன. மழை பொய்த்ததும் பெரும்பாலானவை மடிந்தன. நல்ல மழை வருடத்தின் எண்ணிக்கையை எடுத்துக்காட்டி ஒரு தரப்பு "கேடு எங்கே?" என்று கேட்கும். வறண்ட வருடத்தின் எண்ணிக்கையைக் காட்டி மறு தரப்பு "அழிகிறது பார்" என்று சொல்லும். இரண்டு எண்ணும் வானத்தைப் பற்றியவை. வண்டியைப் பற்றி அவை சொல்வது மிகக் குறைவு. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: முளைத்ததில் எத்தனை இரண்டாம் ஆண்டைப் பார்த்தது, வண்டி ஓடிய துண்டில் எத்தனை, ஓடாத துண்டில் எத்தனை? மணலுக்குள் எவ்வளவு விதை மிச்சம்? இதை அளக்க வருடக்கணக்கில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். மொத்தத் தொகையை நீதிமன்றத்தில் சொல்வது அதைவிட எளிது.

இதற்கிடையே சட்டப்படி இந்தச் செடிக்கு இன்றியமையாத வாழிடம் என்று குறிக்க வேண்டிய நிலம் சுருங்கிக்கொண்டே வந்தது. 2003-இல் முன்மொழிந்தது 52,000 ஏக்கருக்கு மேல். 2004-இல் இறுதியாக அறிவித்தது 21,000 ஏக்கர் சொச்சம். அதுவும் வழக்கில் சிக்கித் திரும்ப வரைந்தபோது, 2008-இல், 12,105 ஏக்கர். சட்டப்படி குறிக்கும்போது பொருளாதார இழப்பையும் கணக்கில் எடுக்கலாம். எடுத்தார்கள். ஐந்தே ஆண்டில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்ட அந்த நிலக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு உறுத்தியது: அந்த ஐந்தாண்டில் செடியின் தேவை எந்த விதத்திலும் குறையவில்லை.

கோர்ட்டில்

மூடிய பகுதிகளைத் திரும்பத் திறக்கும் திட்டத்தை நில மேலாண்மைப் பணியகம் 2003-இலேயே எழுதியது. 2006-இல் சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி சூசன் இல்ஸ்டன் அதை ஏற்க மறுத்தார், மூடல் தொடர்ந்தது. திரும்பவும் எழுதி 2013 ஜூனில் புதிய திட்டத்தை வெளியிட்டார்கள். அதன்படி திட்டப் பகுதியான சுமார் 2,15,000 ஏக்கரில் 1,27,000 ஏக்கர் வண்டிக்குத் திறந்தது. செடியின் இன்றியமையா வாழிடத்தில் 9,261 ஏக்கர் மூடியே இருக்கும். பழைய 49,300 ஏக்கரில் பெரும்பகுதி 2014-இல் திரும்பத் திறந்தது. அதே நீதிபதி இந்தத் தடவை திட்டத்தின் முக்கியப் பகுதியை நிற்கவிட்டார்.

இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் மேல்முறையீடு செய்தன. 2016 ஆகஸ்டில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பணியகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. பட்டியலில் உள்ள ஒரு விலங்கு அரசின் திட்டத்தால் சாகக்கூடும் என்றால், எத்தனை வரை சாகலாம், எந்த அளவைத் தாண்டினால் திட்டத்தை நிறுத்தி மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுத்தில் ஒரு வரம்பு வைக்க வேண்டும். செடிக்கும் அப்படி ஒரு வரம்பு எழுதுங்கள் என்று கேட்டார்கள். நீதிமன்றம் சட்டத்தின் சொற்களைப் பார்த்தது. துன்புறுத்துவது, துரத்துவது, வேட்டையாடுவது, சுடுவது, கொல்வது, பொறிவைத்துப் பிடிப்பது என்று, அழியும் நிலை உயிரினங்களைக் காக்கும் 1973-இன் சட்டம் தடுக்கும் செயல்கள் மீனுக்கும் விலங்குக்கும் உரியவை, செடிக்கு அவை பொருந்தாது, ஆகவே வரம்பு எழுத வேண்டியதில்லை என்றது.

சொல்லைச் சொல்லாகப் படித்தால் தீர்ப்பில் பிழை காண்பது கடினம். ஆனால் விளைவைப் பாருங்கள். கூட்டாட்சி நிலத்தில் அந்தச் செடியைப் பிடுங்கி எடுத்துப் போனால் குற்றம். திறந்த பகுதியில் ஓட்டிப் போகையில் டயருக்கடியில் எத்தனை நசுங்கினாலும் எண்ணி நிறுத்த ஒரு வரம்பு கிடையாது. பட்டியலில் உள்ள பாலைவன ஆமைக்குக் கிடைக்கும் எச்சரிக்கை மணி செடிக்குக் கிடையாது. கொம்புப் பல்லி தின்னும் எறும்பும், எறும்பு தின்னும் விதையும் செடியிலிருந்துதான் வருகின்றன. ஓடமுடியாத உயிருக்கு ஓடும் உயிரைவிடக் குறைந்த காப்பு என்பது சட்டத்தில் உள்ள ஓட்டை, நீதிபதிகளால் அடைக்க முடியாதது. அடைக்க வேண்டியது காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம்.

என் மதிப்பீடு

வடக்கே 1994-இல் போட்ட கோட்டைப் பற்றி இன்று பெரிய சண்டை இல்லை. தெற்கே மூடிய துண்டுகளைப் பற்றிப் பதினாறு ஆண்டு சண்டை. வேறுபாடு ஏக்கர்க் கணக்கில் இல்லை. வடக்குக் கோட்டுக்கு மூன்று பலம் இருந்தது. முதலாவது, யாரும் காட்டாமலேயே கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது, அதைப் போட்டது நாடாளுமன்றம், ஒவ்வொரு சீசனுக்கும் மறுபரிசீலனை கிடையாது. மூன்றாவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைக்கிறேன்: வடக்கில் செடியோ பல்லியோ தனக்குக் கேடு வந்தது என்று வருடா வருடம் நிரூபிக்க வேண்டியதில்லை. நிலமாக மொத்தமாகக் காப்பாற்றப்பட்டது. தெற்கில் ஒரே ஒரு செடியின் தோளில் மொத்த மணற்குன்றின் பாரமும் ஏற்றப்பட்டது. அந்தச் செடியின் எண்ணிக்கை கூடினால் பல்லிக்கும் வண்டுக்கும் கிடைத்த காப்பும் சேர்ந்து போய்விடும்.

ஆகவே மூடவேண்டிய இடத்தைச் சிறு தீவுகளாக வெட்டாமல், சாலை, கால்வாய், மணற்பரப்பின் விளிம்பு மாதிரி தரையில் ஏற்கெனவே இருக்கும் கோடுகளை ஒட்டி ஒரே பரப்பாக எடுப்பதை நான் ஆதரிப்பேன். அதற்கு ஈடாக, திறந்த இடத்தை ஓட்டிகளுக்குச் சட்டப்படி உறுதியாகக் கொடுத்துவிடலாம். இது வெறும் ஆசை அல்ல. 2019 மார்ச்சில் நிறைவேறிய டிங்கெல் சட்டம் கலிஃபோர்னியா பாலைவனத்தில் புதிய வனாந்தரங்களையும், ஜான்சன் வேலி, டுமான்ட் டியூன்ஸ் உட்பட ஆறு வண்டிப் பகுதிகளையும் ஒரே சட்டத்தில் நிலைப்படுத்தியது. இரு தரப்பும் சேர்ந்து கையெழுத்துக் கேட்ட சட்டம் வந்ததற்குக் காரணம், எது யாருடையது என்று நிச்சயமாகத் தெரிந்தால் போதும் என்ற நிலைக்கு இரு தரப்புமே வந்துவிட்டதுதான்.

நண்பரோடு கடைசியாகப் போனது ஒரு மார்ச் மாதக் கடைசி. திரும்பும் வழியில் நெடுஞ்சாலை 78-இல் வண்டியை ஓரங்கட்டினோம். வடமேற்கிலிருந்து நல்ல காற்று. அந்த மணற்குன்றுகளே அந்தக் காற்றோடுதான் தென்கிழக்காக நகர்கின்றன. வடக்குப் பக்க மணலிலிருந்து காய்ந்த காய் ஒன்று உருண்டு வந்து தார்ச்சாலையில் நின்றது. நண்பரின் மகன் குனிந்து எடுக்கப் போனான்.

"எடுக்காத தம்பி, அது தப்பு" என்றேன்.

"நசுங்கிடுமே மாமா" என்றான்.

கிழக்கிலிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அவன் காயையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தான். லாரி வருவதற்குள் அடுத்த காற்று அதைத் தூக்கித் தெற்கே, சக்கரத் தடங்கள் மேலே போட்டது.